மூன்று தடவைகள்

வெட்டுப்புள்ளிக்கு அப்பால் – 6

உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றுத் தாளை ஒருமுறை நிதானமாகப் பார்க்கவேண்டும். சுட்டெண், பெயர், உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றுக்கும் கிடைத்த தரங்கள், பொது ஆங்கிலம், மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை, நான்கு தசமதானங்களோடு ஓர் இசட் புள்ளி. அவ்வளவுதான். முந்திய வருடம் அதே பிள்ளை பௌதிகவியலில் எஃப் எடுத்திருந்தால் அது அந்தத் தாளில் இராது. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு சி வந்திருந்தாலும் இராது. மருத்துவ பீடத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்த வருடத்து இசட் புள்ளியை எடுத்துக்கொள்கிறது. மூன்று தடவைக்கு மேல் பரீட்சைக்குத் தோற்றக்கூடாது என்கிறது. பழைய சறுக்கலுக்கென்று எதையும் கழிப்பதில்லை. எங்கள் கல்வி முறையின் குறைகளை இத்தொடரில் நிறையப் பேசிவிட்டோம். இந்த வாரம் அதிலுள்ள ஒரு நன்மையைச் சொல்லவேண்டும். பழையதை மறந்துவிடும் இந்தக் குணம் அதன் ஆகச்சிறந்த அம்சம் என்பது என் எண்ணம்.

ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர் அதற்கு முன் படித்த ஒவ்வொரு கல்லூரிப் பாடத்தின் தரத்தையும் காட்டவேண்டும். பதினெட்டு வயதில் தவறவிட்ட இரசாயனவியலைத் திரும்பப் படித்து ஏ எடுத்தாலும், பொது விண்ணப்பத்தில் பழைய எஃப் சராசரியோடு சேர்ந்தே வரும். டெக்சாஸ் மாநிலம் மாத்திரம், பத்து வருடத்துக்கு முந்திய தரங்களைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று கேட்கும் உரிமையைத் தன் மாநிலத்தவருக்குச் சட்டத்தால் கொடுத்திருக்கிறது. மற்றவர்கள் ஏன் தவறினோம் என்று எழுதி விளக்கவேண்டும், நேர்முகத்தில் சொல்லவேண்டும். அது மனிதாபிமானமான முறை என்று தோன்றலாம். ஆனால் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையும், காணி பூமி இழந்து முகாமில் இருந்து படித்த பிள்ளையும் தங்கள் துயரத்தை அந்நியர் முன் விரித்துவைத்து இடம் கேட்கவேண்டிய நிலையை யோசித்துப் பாருங்கள். எங்கள் முறை அந்தப் பிள்ளையிடம் காரணம் கேட்பதில்லை. திரும்ப எழுது என்கிறது.

பழைய பெறுபேற்றை மறப்பது வெறும் இரக்கமும் அல்ல, கணக்கின்படியும் அது சரி. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து, அந்த வருடம் அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோரதும் சராசரியைக் கழித்து நியமவிலகலால் வகுத்தால் இசட் புள்ளி வரும். சராசரி 40, நியமவிலகல் 16 என்று வைத்துக்கொள்வோம். 72 எடுத்தவருக்கு 2. மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கண்டு அவற்றின் சராசரியை எடுப்பார்கள். இதே கணக்கில் ஒரு பாடத்தில் ஒரேயொரு புள்ளி கூடினால், இறுதி இசட் புள்ளி ஏறத்தாழ 0.02 உயரும். வெட்டுப்புள்ளியை ஒட்டிய இடத்தில் அந்த 0.02க்குள் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். காய்ச்சலோடு எழுதிய ஒரு காலைப்பொழுதுக்கு அதைவிடக் கூடிய பெறுமதி உண்டு. கணக்கைப் போடுகிறவர்களும் பிழைவிடுவார்கள். 2011இல் முதன்முறை தோற்றியவர்கள் புதிய பாடத்திட்டத்திலும், திரும்பத் தோற்றியவர்கள் பழைய பாடத்திட்டத்திலும் எழுதினார்கள். இரு சாராரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்தார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை இரத்துச்செய்து, தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது. எழுதிய விடைத்தாள் மாறவில்லை. பிள்ளைகளின் இடம் மாறியது. இவ்வளவு நொய்மையான ஓர் எண்ணை வைத்து, இந்தப் பிள்ளை வைத்தியராகத் தகுதியில்லை என்று ஒரே தடவையில் முடிவுகட்ட யாராலும் முடியாது. மூன்று தடவை அளந்து பார்ப்பது குறைந்தபட்ச நியாயம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நோயாளியின் பக்கத்திலிருந்து வருகிறது: மூன்றாம் தடவையில் ஏறியவரிடம் எங்கள் உயிரை ஒப்படைப்பதா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் நோயாளியைக் காக்கும் வேலி உயர்தரத்தோடு முடிவதில்லை. மருத்துவ பீடத்தில் ஐந்து வருடம், ஒவ்வொரு கட்டத்திலும் பரீட்சை, நோயாளியின் கட்டிலருகே பரீட்சை, அதன்பின் ஒரு வருட உள்ளகப் பயிற்சி, மருத்துவச் சபையின் பதிவு. முதல் தடவையிலேயே நுழைந்தவரும் இவை அத்தனையையும் தாண்டித்தான் வரவேண்டும். மேலும், தோற்ற பிறகு ஒரு வருடம் தனியே இருந்து, எங்கே பிழைத்தோம் என்று தேடித் திருத்திய ஒருவர் கற்றுக்கொண்டது மருத்துவத்துக்கு வேண்டாத பாடமா என்ன?

இன்னொரு மறுப்பு நல்ல மனத்தோடு வருவது. ஓர் எண்ணை மாத்திரம் பார்க்காமல், பிள்ளையின் முழு வரலாற்றையும் குணத்தையும் நேர்முகத்தில் பார்க்கலாமே என்பார்கள். பெரிய நாடுகளில் அது சரிவரலாம். ஆளுக்கு ஆள் தெரிந்த ஒரு சிறிய நாட்டில் நேர்முகம் என்றால் செல்வாக்குக்குக் கதவு திறப்பது. எண்ணிலேயே கைவைத்த வரலாறும் எங்களுக்கு இருக்கிறது. 1970இல் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 400க்கு 250 புள்ளி தேவைப்பட்டது. சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229 போதுமாக இருந்தது. அடுத்து தரப்படுத்தல், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு. அந்தக் காயத்தின் விளைவுகளைக் குடாநாடு அறியும். எண்ணுக்கே இந்த நிலை என்றால், எண்ணில்லாத குணமதிப்பீட்டுக்கு என்ன காப்பு? இன்றுள்ள முறையில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தைவிடத் தாழ்ந்த வெட்டுப்புள்ளியில் நுழைவதைப் பார்த்து இங்கே முணுமுணுப்பவர்கள் உண்டு. இறுதி யுத்தம் முடிந்த இடத்தில் பள்ளிக்கூடம் எந்த நிலையில் இருந்தது என்பதை அவர்கள் மறக்கக்கூடாது.

எனக்குள்ள குறை வேறு. மறதி எல்லோருக்கும் பொது. அதன் பயன் அப்படியில்லை. முதல் தடவை தவறிய பிள்ளை பெரும்பாலும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகிவிடுகிறது. அதன்பின் பாடசாலை நூலகமும் இல்லை, சந்தேகம் கேட்க ஆசிரியரும் இல்லை. ரியூசன்தான். நகரத்துப் பிள்ளை சைக்கிளில் போய் மாலை வகுப்பு முடித்து வீடு திரும்பும். நெடுந்தீவுப் பிள்ளைக்குக் குறிகாட்டுவானிலிருந்து திரும்ப அந்த நேரம் படகு இல்லை. நகரில் அறை எடுத்துத் தங்கவேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பாடசாலைகள் பின்னேரத்தில் நூலகத்தையும் ஒரு வகுப்பறையையும் பழைய மாணவருக்குத் திறந்துவைக்க எந்தச் சட்டமும் மாறவேண்டியதில்லை. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் கட்டடம் கட்ட அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு தீவகத்துப் பிள்ளைகளின் ஒரு வருடத் தங்குமிடத்துக்குப் போனால் எவ்வளவு நல்லது. வீட்டுக்குள் நடப்பது அதைவிட வலிப்பது. ஆணைக்குழு கேட்காத கேள்வியைக் கோவில் வீதியில் கேட்கிறார்கள். “உவன் போனமுறையும் எழுதினவன்தானே?” அந்த ஒரு வாக்கியத்துக்கு அஞ்சி வாசலுக்கு வராமல் ஒரு வருடம் படிக்கும் பிள்ளைகள் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள்.

மூன்று தடவை உண்டு என்பதற்காக மூன்றும் எழுதத்தான் வேண்டும் என்றில்லை. பெறுபேற்றுத் தாளை மறுபடி எடுங்கள். உயிரியலும் இரசாயனவியலும் ஏ, பி என்றிருக்க, பௌதிகவியல் மாத்திரம் எஸ்ஸில் விழுந்து இசட் புள்ளியைக் கீழே இழுத்திருந்தால், இன்னொரு வருடம் கொடுப்பதில் அர்த்தமுண்டு. ஆனால் மூன்று பாடத்தையும் திரும்ப எழுதவேண்டும் என்பதையும், பழைய ஏ கூட வராது என்பதையும் மறவாதீர்கள். மறதி இரு பக்கமும் வெட்டும். இரண்டு தடவையும் மூன்று பாடங்களும் ஒரே மட்டத்தில் நின்றிருந்தால், கைதடியில் சித்த மருத்துவம், யாழ் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்று அதே உயிரியல் பிரிவிலிருந்து போகும் வழிகளின் வெட்டுப்புள்ளிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒப்பீட்டைத் தாய் தகப்பன் தனியே இருந்து செய்யாமல், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துச் செய்யவேண்டும்.

(அடுத்த வாரம்: வெளிநாட்டு மருத்துவப் பட்டமும் உள்ளூர்ப் பதிவுப் பரீட்சையும்)