அளவுகோலுடன் ஒரு சுற்றுலா

பள்ளிச் சுற்றுலாவில் அருங்காட்சியகத்துக்குப் போகிறீர்கள். கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் வரிசையாக நடக்கிறீர்கள். 'சோழர் காலம்', 'கி.மு. 6ஆம் நூற்றாண்டு' என்று அட்டையில் எழுதியிருப்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறீர்கள். அரை மணி நேரத்தில் வெளியே வந்து புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்துவிடுகிறீர்கள். அட்டையில் இருப்பது எப்படித் தெரிய வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், வரலாற்று ஆசிரியரோடு இயற்பியல் ஆசிரியருக்கும் வேலை வந்துவிடும்!

வரும் அரையாண்டு விடுமுறையில் அப்படிக் கேட்டுக்கொண்டே ஒரு சுற்றுப் போய்வருவோமா? சென்னையில் தொடங்கி, தஞ்சை வழியாகக் கீழடிக்குப் போகலாம். ஓர் அளவு நாடாவும் ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியும் இருந்தால் போதும்.

முதலில் சென்னையிலுள்ள பரங்கிமலை. பலரும் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். இந்தியாவின் நிலப்படத்துக்கு அடித்தளம் போட்ட வேலை இந்த மலையின் அருகில்தான் 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இங்கிருந்து பெரும்பாக்கம் பக்கமாகச் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? பரங்கிமலைக் கோடுதான் அந்த முதல் பக்கம். அதன்மேல் முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போய், பல ஆண்டுகளுக்குப் பிறகு, இமயமலைச் சிகரங்களின் உயரத்தையும் கண்டார்கள்.

ஆகவே முதல் பக்கத்தில் பிழை நேர்ந்தால் எல்லாமே பிழையாகிவிடும். எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால், ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 0.11 மில்லிமீட்டர் நீளும். இது அற்பம் என்று தோன்றும். 12 கிலோமீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள்: 1.3 மீட்டர் வருகிறது! சென்னையின் சித்திரை வெயிலில் லாம்டன் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, நிழல் கொடுத்து, வெப்பமானிகளை வைத்துக் குறித்துக்கொண்டே அளந்ததன் காரணம் இதுதான்.

அடுத்து எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கப்பட்டது. இங்குள்ள செப்புத் திருமேனிகளில் திருவாலங்காட்டு நடராசரை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அதோடு உலோகத்தின் நிறத்தையும் பாருங்கள். நீண்ட காலம் மண்ணுக்குள் கிடந்த வெண்கலத்தின் மேல் கரும்பச்சைப் படலம் படிந்திருக்கும். அந்தப் படலம் கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருந்தால் அது உலோகத்துக்குக் கவசம். அதைச் சுரண்டக் கூடாது. ஆனால் வெளிர் பச்சையாகத் தூள்தூளாகப் புள்ளிகள் தென்பட்டால் அது நோய். மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு வெண்கலத்துக்குள் புகுந்து தாமிரத்துடன் சேர்ந்திருக்கும். காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அது மாற்றமடைந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் மேலும் தாமிரத்தை அரிக்கும். மீண்டும் குளோரைடு, மீண்டும் அமிலம் என்று அரிப்பு ஓயாது. ஆயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் தாங்கிய சிலை, வெளியே எடுத்த பிறகு கடற்காற்றில் சில ஆண்டுகளிலேயே பொடியத் தொடங்கலாம்.

இதற்கு மருந்து தேடிய ஆய்வுக்கூடம் இதே வளாகத்தில் 1930இல் அமைந்தது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலறிஞர் அங்கே மின்பகுப்பு முறையைக் கையாண்டார். பள்ளிச் சோதனைச் சாலையில் கரண்டிக்குத் தாமிரப் பூச்சு ஏற்றியிருப்பீர்களே, ஏறக்குறைய அதே அமைப்புதான். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சிலையை எதிர்மின்வாயாக வைத்து மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினால், குளோரைடு அயனிகள் சிலையைவிட்டு நேர்மின்வாயை நோக்கி வெளியேறும். இம்முறையில் மேலேயுள்ள நல்ல படலமும் சேர்ந்து போய்விடுகிறது என்பதால் இக்காலத்தில் இதை மிகவும் யோசித்தே பயன்படுத்துகிறார்கள். 'தொடாதீர்கள்' என்ற பலகைக்கும் காரணம் இப்போது புரிந்திருக்கும். உங்கள் விரல் வியர்வையில் இருப்பதும் அதே குளோரைடுதான்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்துவிட்டோம். 'இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது' என்று வாயிலிலேயே யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள். பாடப் புத்தகம் அல்லாத பல புத்தகங்களிலும் இது ஏறிவிட்டது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்று ஆறாம் வகுப்பிலிருந்து படித்துவிட்டு இதை எப்படி ஏற்பது? மறுத்துப் பேசுவதைவிடக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

விமானத்தின் உயரம் சுமார் 60 மீட்டர். அடித்தளம் சதுரம், ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர். அதாவது உச்சிக்கு நேர் கீழேயுள்ள புள்ளியிலிருந்து சுவர் 15 மீட்டர் தள்ளி நிற்கிறது. தஞ்சையின் அட்சரேகை 10.8 டிகிரி வடக்கு. மார்ச் 21 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. அன்று நண்பகலில் அது தஞ்சையில் தலைக்கு நேர் மேலேயிருந்து 10.8 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். 10.8 டிகிரியின் டேன்ஜெண்ட் 0.19. உச்சியின் நிழல் நகரும் தூரம் 60 × 0.19, அதாவது 11 மீட்டருக்குச் சற்று மேல். சுவரோ 15 மீட்டரில் இருக்கிறது! உச்சியின் நிழல் கட்டடத்தின் மேலேயே விழுந்துவிடுகிறது. அடிச்சுவரின் நிழல் மட்டும் சுவரோரமாகச் சிறிது தெரியும். ஜூனில் சூரியன் 12.6 டிகிரி வடக்கே போகிறது. அப்போதும் 13 மீட்டரைச் சற்றுத் தாண்டுகிறதே தவிர 15ஐ எட்டுவதில்லை. ஆக, மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை நண்பகலில் மட்டும் பார்ப்பவருக்கு 'நிழல் விழவில்லை' என்றே தோன்றும். கதை கட்டியவர் முழுப் பொய் சொல்லவில்லை. கோடையில், உச்சி வேளையில் வந்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

டிசம்பர் 22க்குக் கணக்கிடுங்கள். 10.8உடன் 23.4ஐக் கூட்டினால் 34.2 டிகிரி, டேன்ஜெண்ட் 0.68. நிழல் 41 மீட்டர் நகர்கிறது. சுவருக்கு வடக்கே 26 மீட்டர் தள்ளி, பிராகாரத்தில் உச்சியின் நிழலை நீங்கள் காலால் மிதிக்கலாம். தஞ்சையில் அன்று உண்மையான நண்பகல் கடிகாரத்தில் 12 மணியைக் கடந்து பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்குப் பிறகே வரும் என்பதை மறவாதீர்கள். அதே நேரத்தில் உங்கள் மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி அதன் நிழலையும் அளந்துகொண்டால், சுவரிலிருந்து நிழல் நுனி வரையுள்ள தூரத்தோடு 15 மீட்டரைக் கூட்டி, விமானத்தின் உயரத்தை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பரங்கிமலை லாம்டன் இங்கும் வந்தார். காவிரிச் சமவெளியில் குன்றே கிடையாது. தொலைவிலுள்ள இடங்களை நோக்கிக் கோணம் அளக்கக் கோயிலின் உயரம்தான் கை கொடுத்தது. 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது, இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோணங்கள் குறித்த வட்டத் தகடு நெளிந்துபோயிற்று. லாம்டன் கூடாரத்துக்குள் அமர்ந்து ஆறு வாரம் அதைச் சிறிது சிறிதாக இழுத்து நிமிர்த்தினார். அதன் பிறகு அதே கருவியைக் கொண்டே அளவையைத் தொடர்ந்தார்.

கடைசியாக, மதுரைக்கு அருகிலுள்ள கீழடி. இங்குள்ள அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்காவின் ஓர் ஆய்வுக்கூடம் கணித்ததாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. இது எப்படித் தெரிந்தது?

மரமும் நெல்லும் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுக்கின்றன. அதில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று கதிரியக்கமுள்ள கார்பன்-14. உயிர் போனதும் வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் தொடர்கிறது. 5730 ஆண்டுகளில் பாதி கரைந்துவிடும். 2600 ஆண்டுகளில் நூற்றுக்கு 73 பங்கு மிஞ்சியிருக்கும். மிஞ்சிய அணுக்களை முடுக்கியின் உதவியால் எண்ணினால் காலம் தெரிகிறது. உயிரிலிருந்து வந்த கரி, தானியம், எலும்பு போன்றவற்றுக்கே இது பொருந்தும். பெட்டிக்குள் இருக்கும் பானை ஓட்டுக்கு நேரடியாகப் பொருந்தாது. அதே மண் அடுக்கில் கிடைத்த கரியின் வயதை வைத்தே ஓட்டின் வயதைச் சொல்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணி, ஒவ்வொன்றிலும் உள்ள கார்பன்-14ஐ அளந்து, திருத்த வரைகோடு ஒன்றை வரைந்திருக்கிறார்கள். அந்த வரைகோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையே பெரும்பாலும் படுக்கையாகக் கிடக்கிறது. அதாவது அந்த நானூறு ஆண்டுகளில் வாழ்ந்து மடிந்த பல பொருள்கள் ஏறக்குறைய ஒரே அளவையே காட்டும். கீழடியின் 580 அந்தப் படுக்கைக்குள்தான் வருகிறது. ஆகவே ஓர் ஆண்டைச் சொன்னாலும் அதன் இருபுறமும் ஓர் அகன்ற வீச்சு உண்டு. ஒரே குழியில் மேலும் கீழும் பல ஆழங்களிலிருந்து மாதிரிகள் எடுத்து ஒப்பிட்டால்தான் அந்த வீச்சைக் குறுக்க முடியும். தொல்லியலாளர் தங்கக் காசைவிட அதன் அடியில் கிடக்கும் கரித்துண்டை ஆவலோடு சேகரிப்பதும், ஆழத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் குறிப்பதும் இதனால்தான். உங்கள் ஊர் மேட்டில் பானை ஓடோ மணியோ தென்பட்டால் பையில் போட்டுக்கொண்டு வராமல், கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு உங்கள் வரலாற்று ஆசிரியரை அழைத்துவந்து காட்டுங்கள். எடுத்த மறுகணமே அதன் ஆழம் தொலைந்துவிடும். பிறகு எந்த முடுக்கியாலும் அதை மீட்டுத் தர முடியாது.