முதுமைத் தளர்ச்சியை அளத்தல்

வயது ஒன்றைக் கொண்டே ஒருவரின் உடல் வலிமையை உரைத்தல் இயலாது. 80 வயதில் வயலுக்குச் செல்வோரும், 65-இல் சிறு காய்ச்சலுக்கே படுக்கையில் வீழ்வோரும் உளர். இவ்வேறுபாட்டை அளக்கும் முறையொன்றை அமெரிக்க மருத்துவ அறிஞர் லிண்டா ஃபிரைடும் அவர்தம் குழுவினரும் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முயலாமலே எடை குறைதல், அயர்ச்சி, கைப்பிடி வலிமைக் குறைவு, நடையின் மந்தம், உடலுழைப்புக் குறைவு ஆகிய ஐந்தனுள் மூன்றேனும் காணப்படின் அவர் தளர்ச்சியுற்றவர். ஒன்றோ இரண்டோ காணப்படின் தளர்ச்சியை நெருங்குபவர்.

கைப்பிடியைக் கருவி அளந்துவிடும். நடைக்குக் கடிகாரமும் 4 மீட்டர் இடமும் போதும். முதியவர் தம் வழக்கமான வேகத்தில் நடத்தல் வேண்டும், அவரை விரைவுபடுத்தலாகாது. 2017-18-இல் நம் நாட்டு முதியோரைப் பற்றி நடைபெற்ற பேராய்வில் களப்பணியாளர் இவ்விரண்டையும் வீடுகளிலேயே அளந்தனர்.

உடலுழைப்பை அளத்தலே இடர்மிக்கது. அமெரிக்க வினாத்தாளில் கோல்ஃப், டென்னிஸ், புல்வெளி வெட்டுதல் முதலியன இடம்பெற்றிருந்தன. அவ்வாறே இங்கு வினவினால், நாள்தோறும் நீர் சுமந்து சாணம் அள்ளும் மூதாட்டி எதற்கும் “இல்லை” என்றே விடையிறுப்பார். ஏட்டில் அவர் உழைப்பற்றவராகிவிடுவார். ஆதலின், துயிலெழுந்தது முதல் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டல் வேண்டும். அண்மையில் அவர் கைவிட்ட வேலை யாது, ஏன் கைவிட்டார் என்பதையும் தவறாது குறித்துக்கொள்க.