சொல்லை ஓவியமாக்கும் கணினி

"மழையில் குடை பிடித்து நடக்கும் யானை" என்று எழுதினால் போதும். சில நொடிகளில் அப்படியோர் ஓவியத்தைக் கணினி நம் கண்முன் நிறுத்திவிடுகிறது. செயற்கை நுண்ணறிவின் இவ்விந்தை எவ்வாறு நிகழ்கிறது என்று காண்போம்.

கணினிக்கு யானையும் தெரியாது, குடையும் தெரியாது. அது அறிந்தவை எண்கள் மட்டுமே. ஆகவே, இணையத்தில் திரட்டிய படங்களையும் அவற்றை விளக்கும் சொற்றொடர்களையும் இணை இணையாகத் தந்து அதனைப் பயிற்றுகின்றனர். 2021-ஆம் ஆண்டு வெளிவந்த 'கிளிப்' என்னும் அமைப்பு 40 கோடி இணைகளைக் கொண்டு பயின்றது. எச்சொல்லுக்கு எப்படம் பொருந்தும் என்பது எண்களாக அதில் பதிந்துவிடுகிறது.

அடுத்த பயிற்சி இன்னும் வியப்பானது. ஒரு நல்ல படத்தின்மேல் சிறிது சிறிதாகப் புள்ளிகளைத் தூவுகின்றனர். முடிவில் படம் மறைந்து, பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் ஒளிபரப்பு நின்றதும் தோன்றுமே, அதுபோன்ற புள்ளிக்கூட்டமே எஞ்சுகிறது. தூவிய புள்ளிகள் எவை என்று கண்டறிந்து நீக்கக் கணினி பழகுகிறது. 2022-இல் வெளிவந்த 'டால்-இ 2', 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' ஆகியவை இம்முறையில் இயங்குபவை.

நாம் சொற்களைத் தந்ததும் கணினி வெறும் புள்ளிக்கூட்டத்திலிருந்து தொடங்குகிறது. நம் சொற்களுக்குரிய எண்கள் வழிகாட்ட, படிப்படியாகப் புள்ளிகளை நீக்குகிறது. முதலில் மங்கலான உருவம், பிறகு தும்பிக்கை, பிறகு குடைக்கம்பி! தொடக்கப் புள்ளிகள் ஒவ்வொரு முறையும் மாறுவதால், அதே சொற்களுக்கு வேறு வேறு ஓவியங்கள் கிடைக்கின்றன.

ஆனால் மெய் எது, பொய் எது என்று கணினி அறியாது. 2023 மார்ச்சில், அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ் பருத்த வெள்ளைக் குளிர் அங்கி அணிந்திருப்பது போன்ற படம் உலகெங்கும் பரவியது. பலர் அதை நம்பினர். அதுவோ 'மிட்ஜர்னி' என்னும் அமைப்பு உருவாக்கியது! உழைத்தவர் யார் என்பதையும் அது அறியாது. தங்கள் ஓவியங்களை அனுமதியின்றிப் பயிற்சிக்குப் பயன்படுத்தினர் என்று 2023 ஜனவரியில் அமெரிக்க ஓவியர் மூவர் வழக்குத் தொடுத்தனர்.

ஆகவே தோழியரே, ஒரு படத்தைக் கண்டதும், எடுத்தவர் யார், எங்கே, எப்போது என்று கேட்டறிந்த பின்பே பிறருக்கு அனுப்புவோம். ஓவியப் போட்டிக்கு நம் கையால் வரைந்ததையே கொடுப்போம். கோணலாக இருந்தாலும் அது நம்முடையது அன்றோ!

— பத்தாம் வகுப்பு மாணவி