பாட்டுக்குப் பின்னால் – 14: ஒரு பாட்டு, இரண்டு தட்டு

1963 செப்டம்பர். லண்டனில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அடுத்த இசைத்தட்டுக்குப் பாட்டில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. ஒத்திகை நடந்த இடத்துக்கு பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னனும் பால் மெக்கார்ட்னியும் வந்தார்கள். அவர்களிடம் முடிக்காத ஒரு பாட்டு இருந்தது: 'ஐ வான்னா பி யுவர் மேன்'. அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஸ்டோன்ஸ் தட்டு வந்தது; பிரிட்டன் பட்டியலில் 12-ஆம் இடம் வரை ஏறியது. மூன்று வாரம் கழித்து, 22-ஆம் தேதி வந்த பீட்டில்ஸ் ஆல்பத்தில் ரிங்கோ ஸ்டார் அதே பாட்டைப் பாடினார். பெற்றவர்களுக்கு முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனவர்கள் வேறு ஆட்கள்! யாரும் சண்டை போடவில்லை. காரணம், கேட்டு வாங்கினார்கள், எழுதியவர் பெயரைப் போட்டார்கள்.

நம் பக்கத்தில் இப்படி இரட்டை வாழ்வு வாழ்ந்த பாட்டு 'சுராங்கனி'. இலங்கையின் பைலா மெட்டு அது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் வேர்விட்ட ஆட்டப்பாட்டு வகை. சிலோன் மனோகர் என்று நாம் கொண்டாடிய ஏ.இ.மனோகரன் அதை மேடை மேடையாகப் பாடினார். 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா அதைக் கையாண்டார். மலேசியா வாசுதேவன் குரலும் அதில் சேர்ந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின, ஒன்றையொன்று அழிக்கவில்லை.

இன்று நினைத்தவுடன் அப்படிச் செய்ய முடியாது. கேசட் காலத்தில் டி-சீரிஸ் போன்ற கம்பெனிகள் அடுத்தவர் பாட்டை வேறு குரலில் பாடவைத்து மலிவாக விற்றுக் குவித்தன. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. 31சி பிரிவின்படி, முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் ஆன பிறகே கவர் பதிவுக்கு, அதாவது வேறு குரலில் பாடும் மறுபதிவுக்கு, உரிமம். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். அதற்கு முன்னால் வெளியிட, உரியவர் மனமுவந்து சம்மதிக்க வேண்டும். நல்ல சட்டம் என்றே சொல்வேன். படைத்தவன் முதலில் சாப்பிடட்டும்.

ஆட்டையாம்பட்டியில் மாரியம்மன் பண்டிகைக்கு ஆர்கெஸ்ட்ரா வைத்தால், விடிய விடியக் கேட்பதெல்லாம் கவர்தான். அதை நகல் என்று இளக்காரமாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ரேடியோவில் மறைந்துபோன எத்தனையோ பாட்டை ஊருக்குள் உயிரோடு வைத்திருப்பது அந்தப் பாடகர்கள்தான். ஆனால் ஒரு குறை: படத்தின் பெயரும் நடிகர் பெயரும் மைக்கில் முழங்கும், எழுதியவர் பெயர் வராது.

பண்டிகைக் கமிட்டிக்காரர்களே, அடுத்த ஆடிக்குப் பார்ட்டியைப் பேசி முடிக்கும்போது இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்: ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுதியவர், இசையமைத்தவர், முதலில் பாடியவர் என மூன்று பெயரையும் சொல்ல வேண்டும்.