சட்டவாதமும் அதனை ஆயும் அறிஞர் அவைகளும்

நீதிமன்றத்திற் கூறப்படும் முடிபு ஒருவனுடைய உடைமையையும் உரிமையையும், சிற்சில வழக்குகளில் உயிரையுமே தொடுவது. ஆகலின், அம்முடிபு நடுவரது விருப்பத்தின்பாற் பட்டதோ, காரணத்தின்பாற் பட்டதோ என்னும் வினா எஞ்ஞான்றும் எழுதற்குரியது. காரணத்தின்பாற் பட்டதெனின், அக்காரணம் பிறரும் எடுத்து நோக்கி ஏற்றற்கோ மறுத்தற்கோ உரியதாய் வெளிப்பட நிற்றல் வேண்டும். அங்ஙனம் நிற்குங் காரணத்தின் இயல்பை ஆராய்வது சட்டவாதக் கொள்கை எனப்படும். மேனாட்டில் இக்கொள்கை வளர்தற்கு அறிஞர் மாநாடுகளும் பட்டறைகளும் பெருந்துணை செய்தன. அவை எற்றுக்கு வேண்டப்பட்டன, எங்ஙனம் நடைபெறுகின்றன, அவற்றாற் பயன் என்னை என்பன ஈண்டு விளக்கப்படும்.

சட்டம் பொதுவிதி, வழக்கு அதன்கீழ் அடங்கும் சிறப்பு நிகழ்ச்சி, இரண்டனையும் இயைத்தலே தீர்ப்பு என்று எளிதிற் கூறுவாருளர். மலை நெருப்புடைத்து என்பது பக்கமாகவும், புகையுடைமை ஏதுவாகவும், அடுக்களை எடுத்துக்காட்டாகவும் நிற்பது போல, தீர்ப்பும் தானே போதருமென்பது அவர் கருத்து. அஃது ஓராற்றான் உண்மையே. ஆயினும், புகைக்கும் நெருப்புக்கும் உள்ள உடனிகழ்ச்சி ஓரிடத்தும் பிறழாது. சட்டவிதிக்கும் அதன் முடிபுக்கும் உள்ள இயைபோ அத்தகைத்தன்று. விதி செய்தார் எண்ணாத நிகழ்ச்சி எதிர்ப்படுங்கால் அது விலக்கினை வேண்டி நிற்கும்.

இதற்கு அமெரிக்க நாட்டு நியூயார்க்கு மாகாணத்து வழக்கொன்று பலரானும் எடுத்துக் காட்டப்படும். பிரான்சிசு பால்மர் என்னும் முதியவர் 1880-இல் தம் உடைமையிற் பெரும்பகுதியைப் பேரன் எல்மருக்கு உரியதாக்கி இறுதிமுறி எழுதினார். பாட்டனார் அதனை மாற்றிவிடுவார் என்று அஞ்சிய எல்மர் 1882-இல் அவருக்கு நஞ்சூட்டிக் கொன்றான். கொலைக்குத் தண்டம் பெற்றபின்னும் உடைமை அவனுக்கு உரியதாமோ என்பதே வழக்கு. முறி சட்டப்படி எழுதப்பட்டது. கொன்றவன் கொள்ளலாகாது என்னும் விதி அந்நாட் சட்டத்தில் இல்லை. மேன்முறையீட்டு மன்றம் 1889-இல் தீர்ப்புக் கூறிற்று. தன் தீச்செயலால் ஒருவன் ஊதியம் பெறலாகாது என்பது சட்டத்துக்கெல்லாம் அடிப்படையாதலின் எல்மருக்கு உரிமையில்லை என்றார் நடுவர் ஏர்ல். பெரும்பான்மையோர் அவருடன் நின்றனர். சட்டத்தின் சொல் தெளிவாயிருக்க மன்றம் அதனை மீறலாகாது. குற்றத்துக்குரிய தண்டம் வேறு சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க, உடைமையையும் பறித்தல் மன்றமே புதிய தண்டம் விதித்தலாம் என்று மறுத்தார் நடுவர் கிரே.

இருவர் முன்னும் நின்ற சட்டம் ஒன்றே, நிகழ்ச்சியும் ஒன்றே. அற்றேல், முடிபு இரண்டாயது எங்ஙனம் எனின், கூறுதும். போலந்து நாட்டு அறிஞர் யெர்சி விரூப்லெவ்ஸ்கி தீர்ப்பின் நிறுவலை அகநிறுவல், புறநிறுவல் என இருவகைப்படுத்தினார். கொண்ட விதியினின்றும் கொண்ட நிகழ்ச்சியினின்றும் முடிபு வழுவின்றிப் போதருதலைக் காட்டுவது அகநிறுவல். அவ்விதியை அவ்வாறு கொள்ளுதல் தகுமோ என்பதனைக் காட்டுவது புறநிறுவல். ஏர்ல், கிரே இருவர் தீர்ப்பிலும் அகநிறுவலிற் குற்றமில்லை, மாறுபாடு புறநிறுவலின்கண்ணதே. ஆண்டுத் தருக்கத்தின் வடிவம் மட்டும் துணையாகாமையின், ஏதுக்களை ஒன்றோடொன்று சீர்தூக்கும் நெறி வேண்டப்படுவதாயிற்று.

அந்நெறியைத் தேடினாருள் ஒருவர் சயிம் பெரெல்மன். அவர் 1912-இல் வார்சா நகரிற் பிறந்து பெல்ஜியத்திற் குடியேறியவர்; யூதர். இரண்டாம் உலகப் போரில் அந்நாடு செருமானியர் கைப்பட்ட காலத்து எதிர்ப்பியக்கத்திற் பணிபுரிந்தவர். நீதி என்பது யாது என்பதனைக் குறித்து 1945-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, ஒத்தாரை ஒப்ப நடத்துதல் நீதி என்னும் வடிவத்தை நிறுவிற்று. ஆனால், எவர் எவரோடு ஒத்தார் என்பதனை வரையறுக்கும் மதிப்பு எதன்மேல் நிற்கும் என்னும் வினாவுக்கு வடிவத் தருக்கம் விடை தரவில்லை. மதிப்புக்கள் யாவும் வெறும் விருப்பமே என்று விட்டொழித்தற்கு அவர் உள்ளம் ஒருப்படவில்லை. அங்ஙனம் விட்டால், கொடுங்கோலன் தீர்ப்புக்கும் நடுவுநிலையாளன் தீர்ப்புக்கும் வேற்றுமை கூறவொண்ணாதன்றோ! லூசி ஓல்பிரெக்ட்ஸ் திதெக்கா என்னும் அம்மையாருடன் அவர் இயற்றிய வாதநூல் 1958-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஆங்கில நாட்டு ஸ்டீபன் டூல்மின், வாதத்தின் அமைப்பை விளக்குதற்குக் கணித நூலை விடுத்து நீதிமன்ற வழக்கினையே முன்மாதிரியாகக் கொண்டு தம் நூலை வெளியிட்டார்.

தனித்தனி நாடுகளில் எழுந்த இவ்வாராய்ச்சிகள் ஒன்றையொன்று எதிர்ப்படுதற்கு அவை வேண்டியிருந்தது. சட்டத் தத்துவத்துக்கும் சமுதாயத் தத்துவத்துக்கும் உரிய அனைத்துலகக் கழகம் 1909-இல் பெர்லினில் நிறுவப்பெற்றது. அதன் உலக மாநாடு 1971-இல் பெரெல்மனது பிரசல்சு நகரிற் கூடியபோது, சட்டநெறிப்பட்ட தருக்கமே பொருளாகக் கொள்ளப்பட்டது. ஏழாண்டு கழித்து, 1978-இல், செருமானியர் ராபர்ட் அலெக்ஸியும் ஸ்காத்துலாந்தினர் நீல் மக்கார்மிக்கும் இத்துறைக்கு அடிப்படையான இரு நூல்களை வெளியிட்டனர். பின்லாந்தின் ஆவ்லிஸ் ஆர்னியோ, சுவீடனில் வாழ்ந்த அலெக்சாந்தர் பெச்செனிக் என்னும் இருவரும் அலெக்ஸியுடன் கூடி 1981-இல் ஒரு பொது ஆராய்ச்சியுரை எழுதினர். மூன்று நாட்டுச் சட்டமரபினர் ஒருமித்து எழுதியது, அவைக்கண் மாறுபட்டு உரையாடுதல் பகைமைக்கன்றி உடன்பாட்டுக்கும் வழியாதலைக் காட்டும்.

மாநாடும் பட்டறையும் தம்முள் வேறாவன. மாநாட்டில் யாவர்க்கும் பொதுவான பேருரைகள் நிகழும். பல பொருள் பற்றிய பிரிவுகளில் கட்டுரைகள் படிக்கப்படும். பட்டறையோ ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது. பெரும்பாலும் கட்டுரை முன்னரே அனுப்பப்பட்டுச் சிலரால் நன்கு பயிலப்படும். ஆசிரியர் சுருங்கக் கூறியபின், மறுப்புரைக்கவென்று அமைந்த ஒருவர் தடை நிகழ்த்துவார். அதன்பின் யாவரும் வினாவுவர். மாநாடு கொள்கையைப் பரப்புதற்குச் சிறந்தது. பட்டறை அதனைப் புடைத்து உமி நீக்குதற்குச் சிறந்தது.

அலெக்ஸி நெறிப்பட்ட உரையாடலுக்குச் சில விதிகள் வகுத்தார். பேசவல்லார் எவரும் அதன்கட் புகலாம். எக்கூற்றையும் எவரும் வினாவலாம். வற்புறுத்தலால் ஒருவர் வாயை அடைத்தலாகாது என்பன அவற்றுட் சில. சட்டவாதம் இப்பொதுவுரையாடலின் ஒரு சிறப்புவகை என்பதும் அவர் கொள்கை. இதனை மறுப்பார், மன்றத்தில் வழக்காடுவோன் உண்மையை நாடாது வெற்றியையே நாடுவன். காலவரையறையும் சான்றுவிதியும் அவனைக் கட்டுப்படுத்தும். ஆகலின் அஃது உரையாடலன்று என்பர். அதற்கு விடை, வெற்றியை நாடுவோனும் ‘எனக்கு வேண்டும்’ என்னாது ‘எனக்கு உரியது’ என்றே கூறுகின்றான் என்பதாம். உரியது என்ற அளவிலே ஏதுக் காட்டுங் கடப்பாடு அவனைச் சார்கின்றது. அவ்வேதுவைத் தூக்கி நோக்குங் கடப்பாடு நடுவரைச் சார்கின்றது.

இவ்விதிகள் அவற்றை ஆராயும் அவைகளுக்கும் உரைகல்லாவன. எவரும் புகலாம் என்னுங் கொள்கையைத் தொலைநாட்டு நகரமொன்றிற் பெரும்பொருள் செலவிட்டு வந்தார் மட்டுமே கேட்பின், அக்கொள்கை அவ்வளவிற் குறைபடும். ஆங்கிலம் வல்லாரே எளிதில் வினாவுதற்குரியர் ஆவதும் அத்தகைய குறையே. உலக மாநாடு 1987-இல் ஜப்பானின் கோபே நகரிலும், 2009-இல் பெய்சிங்கிலும், 2024-இல் சியோலிலும் கூடியது இக்குறையை ஒருபுடை நீக்குவதாயினும், முற்ற நீக்கியதாகாது.

அண்மைக்காலத்து இவ்வாராய்ச்சி கணிப்பொறியையும் சார்ந்தது. செயற்கை அறிவும் சட்டமும் பற்றிய அனைத்துலக மாநாடு 1987-இல் பாஸ்டன் நகரில் முதற்கண் கூடி, பின் தொடர்ந்து நடைபெற்று வருகின்றது. விலக்குடைய விதியையும், ஏதுவை வெல்லும் எதிரேதுவையும் பொறி கையாளுமாறு வரையறுத்தல் ஆண்டு ஆராயப்படும் பொருள்களுள் ஒன்று. பொறி முடிபு கூறுதல் அரிதன்று. அம்முடிபாற் பாதிக்கப்படுவோன் வினாவியபோது, அவன் ஆராய்ந்து மறுக்கத்தகும் ஏதுவைக் காட்டுதலே அரிது. ஏதுக் காட்டாத முடிபு, மனிதர் கூறினும் பொறி கூறினும், ஆணையாதல் கூடும், நீதியாதல் கூடாது. அவ்வேற்றுமையை மறவாமற் காத்தலே இவ்வவைகளால் விளையும் பயன் என்க.