கொத்தமல்லித் தோட்டத்தில் களையொழிப்பு

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று ஜலம் பாயும் வயல்களில் நெல்லும், கிணற்றுப் பாசனமுள்ள தோட்டக்கால்களில் திராட்சை, வாழை, காய்கறிகளும் சாகுபடியாவதை யாவரும் அறிவர். இவற்றினிடையே குறுகிய காலத்தில் பணந்தரும் பயிர் கொத்தமல்லியாகும். கீரைக்காகப் பயிரிட்டால் விதைத்த 35 முதல் 45 நாட்களுக்குள் பறித்துக் கட்டுகளாக விற்றுவிடலாம். எனினும், கீரை விலை வீழ்ந்திருக்கும் சமயத்தில் களையெடுப்புக் கூலியே வரவு முழுவதையும் விழுங்கிவிடுவதுண்டு. ஆகவே களையைச் சொற்பச் செலவில் அடக்கும் விதத்தைக் குடியானவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

களை மிஞ்சுவதற்குக் காரணம்

கொத்தமல்லி விதை முளைப்பதற்கு 8 முதல் 15 நாட்கள் வரை செல்லும். சாரணை, தரைப்பசலை, தொய்யக்கீரை முதலியவையோ ஈரம் பட்ட சில தினங்களிலேயே தலைகாட்டும். மல்லி இரண்டிலை விடும்போது களை நிலத்தை மூடிவிடுகிறது. மல்லியின் இலை மெல்லியதாதலால், இளம் பருவத்தில் அது நிழல் தந்து களையை அமுக்கவும் வல்லதன்று. முதல் 30 நாட்கள் பயிரைக் காத்துவிட்டால், பின்பு அது நெருங்கி வளர்ந்து தானே களையை அடக்கிக்கொள்ளும். எனவே, வேலையின் பெரும்பகுதியை விதைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

விதைக்குமுன் செய்ய வேண்டியவை

(1) கோடை உழவு: சித்திரை, வைகாசி மாதங்களில் நிலத்தைப் புரட்டி உழுது வெயிலில் காயவிட வேண்டும். கோரையைக் கையால் பிடுங்கினால் மேல்தாள் மட்டுமே வரும்; மண்ணில் தங்கிய கிழங்கு மறுபடியும் துளிர்க்கும். கிழங்குகளை வெளியே கொணர்ந்து உலர்த்துவதே அதனைக் குறைக்கும் வழி. கோரை நிழலைத் தாங்காதாகையால், அது மிகுந்த நிலத்தில் சணப்பையை நெருக்கமாக விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதும் நன்று.

(2) களையை முளைக்கவிட்டு அழித்தல்: பாத்தி கட்டியவுடன் விதையாமல், ஒரு தண்ணீர் பாய்ச்சி 10 அல்லது 12 நாட்கள் விட்டுவைக்க வேண்டும். மேல்மண்ணிலுள்ள களைவிதைகளில் பெரும்பாலானவை முளைத்துவிடும். அவற்றை இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் மேலாகச் செதுக்கி அழித்துப் பின்பு விதைக்க வேண்டும். அப்போது ஆழ உழுதால் அடியிலுள்ள களைவிதைகள் மேலே வந்து பாடுபட்டதெல்லாம் வீணாகும்.

(3) எரு: மக்காத சாணமும் குப்பையும் களைவிதைகளைச் சுமந்து வருபவை. குழியிலிட்டு நன்றாய்ச் சூடேறி மக்கிய எருவையே இடுக.

விதைப்பும் களையெடுப்பும்

விதையைப் புடைத்துக் களைவிதை நீக்கி, இலேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் நீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு விரைவாகும். வீசி விதைப்பதைவிட, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக விதைப்பது மேல். வரிசைகளின் நடுவே களைக்கொத்து தாராளமாகச் செல்லும், ஆள்கூலியும் குறையும். விதைத்த 15 முதல் 20 நாட்களில் முதற்களையும், விதைக்காக விடும் பயிருக்கு 30-ஆம் நாளில் இரண்டாங் களையும் எடுத்து, அப்போதே நெருக்கமான செடிகளைக் கலைத்துவிட வேண்டும்.

மல்லிக்கீரை குறுகிய நாட்களில் பறிக்கப்பட்டுப் பச்சையாகவும் உண்ணப்படுவது. ஆகையால், மருந்துப் புட்டியின் சீட்டில் இப்பயிரின் பெயர் குறிக்கப்படாத களைக்கொல்லியை எக்காரணத்தாலும் தெளிக்கலாகாது.

பார்த்தீனியம்: விசேஷ எச்சரிக்கை

இந்தியாவில் 1955-ஆம் ஆண்டு வாக்கில் பூனாவினருகே கவனிக்கப்பட்ட இப்பூண்டு பின்னர் நாடெங்கும் பரவியது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளைச் சிந்தும். இதன் இளஞ்செடியின் இலையும் ஆழ வெட்டுண்டிருப்பதால், அவசரமாகப் பறிப்போர் மல்லிக்கட்டுடன் சேர்த்துக் கட்டிவிடக்கூடும். இது தோலில் பட்டால் பலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகும். இதன் மகரந்தத்தால் மூச்சுத்திணறல் காண்பவர்களும் உண்டு. உண்பவரின் நலத்தைக் கெடுப்பதோடு, ஒரு கட்டில் இது கண்டால் தோட்டக்காரரின் பெயரும் சந்தையில் கெடும். ஐயம் தோன்றினால் இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்க. மல்லியின் மணம் இதற்கில்லை. கையில் துணியோ உறையோ அணிந்து, பூப்பதற்கு முன் வேருடன் பிடுங்கி அழிக்க வேண்டும். பூத்த செடியை எருக்குழியில் இடலாகாது.

தம் நிலத்தைச் சுத்தம் செய்தவரின் முயற்சி, அயல் நிலத்திலும் வாய்க்கால் கரையிலும் புறம்போக்கிலும் இப்பூண்டு விதை சிந்தினால் பயனற்றுப் போகும். ஆகவே கிராம நிர்வாக அலுவலர்களும் பஞ்சாயத்தாரும் நிலச்சொந்தக்காரர்களைக் கூட்டி, மழைக்குப் பின் பூண்டு பூக்குமுன் ஒரே வாரத்தில் எல்லா இடங்களிலும் பிடுங்கும்படி ஏற்பாடு செய்வது நலம்.

மேற்கூறிய முறைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியவை ஓர் உழவு, ஒரு தண்ணீர், பத்து நாள் பொறுமை ஆகியவையே. முதலில் நிலத்தின் ஒரு பகுதியில் களையை முளைக்கவிட்டு அழித்தும், மறுபகுதியில் வழக்கம்போல் விதைத்தும், இரண்டிற்கும் ஆன களைக்கூலியைத் தனித்தனியே கணக்கெழுதி ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. பலன் அவர்களுக்கே விளங்கும்.