திகன கல்லுக்குள் இரண்டு பிணைப்புகள்

கண்டிக்குக் கிழக்கே திகன, குண்டசாலைப் பகுதிகளில் கிடைக்கும் வெண்கல் தொலமைற்று எனப்படும். அதனைச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு எடுப்பர். தூளாக்கித் தேயிலை மண்ணுக்கும் இடுவர். அது மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்து, செடிக்கு மக்னீசியத்தையும் தரும்.

உலோகமும் அல்லுலோகமும் சேர்ந்தால் அயன் பிணைப்பு, அல்லுலோகங்கள் தம்முள் சேர்ந்தால் பங்கீட்டு வலுப்பிணைப்பு என்று மனனம் செய்கிறோம். ஆனால் இக்கல்லில் கல்சியம், மக்னீசியம் என்னும் உலோகங்களோடு காபன், ஒட்சிசன் என்னும் அல்லுலோகங்களும் உள்ளன. அப்படியானால் இதிலுள்ள பிணைப்பு எது?

இரண்டும் உண்டு. கல்சியத்தின் இலத்திரன் நிலையமைப்பு 2, 8, 8, 2. கடைசி ஓட்டிலுள்ள 2 இலத்திரன்களையும் இழந்து அது நேரேற்ற அயனாகிறது. மக்னீசியமும் அவ்வாறே. காபன் அணுவோ 3 ஒட்சிசன் அணுக்களுடன் இலத்திரன்களைப் பங்கிட்டுக் கொள்கிறது. உலோகம் இழந்த 2 இலத்திரன்களும் இக்கூட்டத்தைச் சேர்வதால் அது காபனேற்று என்னும் மறையேற்ற அயனாகிறது. ஆகவே காபனேற்றுக்கு உள்ளே இருப்பது பங்கீட்டு வலுப்பிணைப்பு. அதற்கும் உலோக அயனுக்கும் இடையே இருப்பது அயன் பிணைப்பு. இலத்திரனைக் கொடுத்து வாங்குவதைக் கொசலும், பங்கிடுவதை லூயிசும் 1916ஆம் ஆண்டிலேயே விளக்கினர்.

கல்சியம் காபனேற்றை ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் காபனேற்று உடைந்து காபனீரொட்சைட்டு வெளியேறும். அதன் மூலக்கூறுகளுக்கிடையே கவர்ச்சி மிகக் குறைவு. எனவே அது வாயு. எஞ்சும் கல்சியம் ஒட்சைட்டில் எதிரெதிர் ஏற்றமுள்ள அயன்கள் எல்லாத் திசைகளிலும் ஒன்றையொன்று இறுகப் பற்றியுள்ளன. 2500 பாகையிலும் அது உருகாது. இதுவே சுட்ட சுண்ணாம்பு.

இதில் நீர் சேர்ந்தால் பெரும் வெப்பத்துடன் நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் பூசியதும் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல ஏற்று மீண்டும் காபனேற்றாகி இறுகும். சூளையில் பிரிந்தது சுவரில் சேர்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பும் இதே வகைதான். அதிலுள்ள ஐதரொட்சைட்டு அயன்கள் கண்ணை விரைவாக அரிக்கும், பார்வையே போகலாம். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல், இமையைத் திறந்து பிடித்து, சுத்தமான நீரால் குறைந்தது 20 நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மாணவியரே, பரீட்சையில் ஒரு சேர்வையைக் கண்டதும் அதன் பிணைப்புக்குப் பெயரிட அவசரப்படாதீர்கள். எந்த அணு இலத்திரனை இழக்கிறது, எவை பங்கிடுகின்றன என்று முதலில் பாருங்கள். விடை தானாகவே தெளிவாகும்.